பெனியன் ஓட்டை பார்த்து வந்த அம்மாள்

முதலாளி யோகநாதனின் மாட்டுக்கொட்டில் கூரைக்குக் கிடுகு வேய விடிய ஏறிய சங்கிலி, பொழுதுபடத்தான் இறங்கினான். ஸ்கந்தபுரத்து மாசி வெயில் அவ்வளவு நேரமும் அவன் முதுகில் ஏறிக் குந்தியிருந்தது. இரண்டு நாள் குப்புறக் கிடந்தான். அதற்குப் பிறகு முதுகு திட்டுத்திட்டாக உரியத் தொடங்கியது, வெங்காயச் சருகு மாதிரி.

அதைக் கண்டால் அவன் பெண்சாதி அமராவதிக்குக் கை சும்மா இராது.

"ஆடாம இருங்க. இந்த ஒண்ண மட்டும் இழுத்துக்கிறேன்."

"நேத்தும் அப்படித்தான் சொன்ன. பச்சைத்தோலும் சேர்ந்து வருது. நான் என்ன பலாப்பழமா?"

மனமில்லாமல் கையை எடுத்து, கற்றாழைச் சோற்றை வழித்துப் பூசினாள். முதுகு பளபளவென்று மின்னியது. யுத்தத் தடையால் நெருப்புப்பெட்டி கிடைக்காத காலம். அடுப்புத் தணல் வாங்கச் சிரட்டையோடு வந்த பக்கத்து வளவு விமலேஸ்வரியின் கண்ணில் பட்டது அந்த மின்னல்தான்.

"ஐயோ அமராவதி, இது அம்மாளெல்லோ!"

சங்கிலி எழும்பி வேட்டியைக் கட்டுவதற்குள் வாசல் படலையில் வேப்பிலை தொங்கியது.

அம்மை வருத்தம் வந்த வீட்டு ஆட்கள் வயலில் இறங்க முடியாது. மறுநாளோ யோகநாதனின் வயலில் அருவி வெட்டு, நெல் அறுப்பு. அந்தக் கூலி நெல்தான் அடுத்த போகம் வரை சங்கிலி வீட்டுப் பானை.

செய்தி கேட்டு யோகநாதன் சைக்கிளில் வந்தார். படலைக்கு வெளியே நின்றார்.

"சங்கிலி, தலைக்குத் தண்ணி வாக்கிறவரைக்கும் நீ வராத. வேற ஆள் பிடிக்கிறன்."

"இது அம்மா இல்லீங்க ஐயா. ஒங்க கொட்டில் வெயிலு!"

"வெயிலுக்குத் தோல் உரியிறது வெள்ளைக்காரருக்கடா. உன்ரை நிறத்தையும் என்ரை நிறத்தையும் வெயில் என்ன செய்யும்?"

அமராவதி கொடியிலிருந்து, சங்கிலி கூரையில் போட்டிருந்த பெனியனை உருவி வந்து அவன் முதுகில் விரித்தாள். துணியைவிட ஓட்டை கூடின பெனியன். ஓட்டை இருந்த இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது. துணி மூடின இடத்தில் ஒரு கீறல் இல்லை.

"பாத்துக்கிடுங்க ஐயா. மாரியாத்தா ஓட்டை தேடியா வருவா?"

யோகநாதன் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விமலேஸ்வரி சிரிக்கவில்லை.

"வேப்பிலை கட்டியாச்சு. கூப்பிட்டிட்டு வாசலிலை நிக்க வைச்சா அம்மாள் சும்மா விடுவாவோ? மூண்டு தண்ணி வாத்து அனுப்பிப்போட்டுத்தான் வயலுக்குப் போகவேணும்."

"வராதவங்கள எப்படிங்க அனுப்புறது?"

"வந்தவாவை அனுப்புற மாதிரித்தான்."

அம்மாள் விசயமென்றதும் யோகநாதனும் தலையை ஆட்டிவிட்டார். மூன்று தண்ணிக்கும் இடையில் நாள் விடவேண்டும். அது முடிய வெட்டும் முடிந்துவிடும்.

முதல் தண்ணி அப்போதே வார்த்தார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் சூடேறிய தண்ணீர். வார்த்ததோடு விட்டிருக்கலாம். விமலேஸ்வரி பக்தி மிகுந்து, வேப்பங்கொத்தால் அந்தப் பச்சை முதுகை ஓங்கி ஒரு தேய் தேய்த்தாள்.

"ஆஆஆய்!"

சங்கிலி துள்ளினான். ஈரத்தலையை உதறிக்கொண்டு, கையிரண்டையும் விசிறிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி ஓடினான். யோகநாதனின் சைக்கிள் தொபுக்கென்று விழுந்தது.

"தாயே!" என்று கைகூப்பினார்.

"வந்திட்டா! நான் சொன்னனான்தானே!" என்றாள் விமலேஸ்வரி.

சங்கிலி நின்றான். நனைந்த மயிருக்குள்ளால் முதலாளியின் கூப்பிய கையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் முன்னால் யாரும் அப்படி நின்றதில்லை.

"என்ன குறை தாயே?"

"ஒரு தண்ணி போதும்டா! நாளைக்கு வெட்டு. சங்கிலிதான் மொத அருவா புடிக்கணும்!"

"ஓம் தாயே."

"அவன் சட்டையில்லாம வெயில்ல நின்னா எனக்குக் கோவம் வரும்!"

"என்ரை நீளக்கைச் சட்டை ஒண்டு குடுக்கிறன் தாயே."

அமராவதி சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள். விமலேஸ்வரி கிட்ட வந்து மெல்லக் குனிந்தாள்.

"அம்மாளாச்சி, என்ரை செங்கோழி எங்கையெண்டும் ஒருக்காச் சொல்லன்."

அம்மாள் உடனே மலையேறிவிட்டாள்.

மறுநாள் கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு சங்கிலி வயலில் இறங்கினான். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முதல் பிடியை அவன்தான் அறுத்தான். மத்தியானம் வரப்பில் கஞ்சி வந்ததும் யோகநாதன் குரல் கொடுத்தார்.

"முதல் நீங்கள் வாங்கோ, வந்து குடியுங்கோ."

யாரைக் கூப்பிடுகிறாரென்று சங்கிலி திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒரு கொக்குத்தான் நின்றது.