ரே பிடித்த பிரோகி

தவக்காலத்து வியாழக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் நான் வைத்ததுதான் சட்டம். மாவு பிசைவது யார், உருளைக்கிழங்கு உரிப்பது யார், கொதிக்கும் பானையருகே நிற்பது யார் என்று நான்தான் சொல்வேன். பாதிரியாரே உள்ளே வந்தாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் பேசுவார். மறுநாள் வெள்ளிக்கிழமை யார் வீட்டிலும் இறைச்சி கிடையாது என்பதால், கார்னெட் ஊரே எங்கள் பிரோகியை வாங்க வரிசையில் நிற்கும். வட்டமாக வெட்டிய மாவில் உருளைக்கிழங்கும் சீஸும் பிசைந்த உருண்டையை வைத்து, மடித்து, ஓரத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் ஓரம் ஒட்டாத நாலைந்து பிரோகி பானைக்குள் போனால் போதும், வாயைப் பிளந்துவிடும். தண்ணீர் கஞ்சியாகி, கூட இருப்பதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பானையே பாழ்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் வார்டின் கட்சிக் கமிட்டி உறுப்பினர் நான். தேர்தலன்று தீயணைப்பு நிலைய வாசலில் நின்று, ஓட்டுப் போட வருகிறவர்கள் கையில் நம் ஆளின் பெயர் அச்சடித்த சீட்டைக் கொடுப்பேன். "ஐரீன் யாரைச் சொல்றா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான்.

அந்தச் சீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே பெயர். ரே கோஸ்டெல்னிக், மாநில சட்டமன்ற உறுப்பினர், என் பள்ளித் தோழன். அவன் நல்லவன், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சுரங்கத் தூசியில் நுரையீரலைத் தொலைத்த என் அப்பாவுக்கு உதவித்தொகை நின்றுபோனபோது, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை மீட்டுக் கொடுத்தவன் அவன். என் கணவர் ஆண்டி இறந்துபோனபோது சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருத்தன். எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பான்.

ஆனால் மில் தெருப் பாலம் மூடிக் கிடந்தது. தூண் விரிசல் விட்டிருக்கிறது என்று கான்கிரீட் கட்டைகளை வைத்து அடைத்தார்கள், அந்தக் கட்டைகளின் இடுக்கில் செடி முளைத்து, மரமாகவே ஆகிவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நெடுஞ்சாலை வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ரேயிடம் கேட்டால், "அடுத்த பட்ஜெட்ல பாத்துக்கலாம்" என்பான். அதையும் தோளில் கை போட்டு, பிள்ளைகளின் நலம் விசாரித்து, எவ்வளவு இதமாகச் சொல்வான் தெரியுமா? பாலமே கிடைத்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்துவிடுவோம்.

ஜோஆன் பெட்ரில்லாவுக்கு அந்த இதம் போதவில்லை. எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவள். வியாழக்கிழமைகளில் வந்து உருளைக்கிழங்கு உரிப்பாள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகையில், பனியில் வண்டிகள் நகராமல் நின்று, கார் கழுவும் கடை வாசலிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். அன்றிரவே ஜோஆன் ரேயை எதிர்த்துத் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தாள்.

அதுவும் நவம்பரில் வரும் பொதுத் தேர்தலில் அல்ல, மே மாதம் எங்கள் கட்சிக்குள்ளேயே வேட்பாளர் யார் என்று நாங்கள் ஓட்டுப் போடுகிறோமே, அதில்.

"ஆன்ட்டி, எலெக்‌ஷன் அன்னிக்கு நீங்க என் சீட்டோட வாசல்ல நிக்கணும்" என்று உரிகத்தியை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நம்ம ஆளை நாமளே கவுக்கறதா? எதுவானாலும் நவம்பர்ல பாத்துக்கக் கூடாதா?"

"நவம்பர்ல அவரை எதிர்த்து யாரு நிக்கறா? எதிர்க்கட்சிக்காரங்க இங்க ஆள் போட்டே எத்தனை வருஷம் ஆச்சு! நவம்பர்ல ஒரு பேர்தான் இருக்கும். கேள்வி கேக்கறதுன்னா மே மாசம்தான் கேக்கணும், அதுவும் நாமதான் கேக்கணும்."

"யோசிக்கறேன்" என்றேன். யோசிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. ஆண்டியின் பெட்டியைத் தூக்கிய கைக்கு நான் என்ன பதில் சொல்வது?

அடுத்த வியாழன் ரே வந்தான். ஒவ்வொரு தவக்காலத்திலும் ஒரு நாள் வருவான். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மாவு மேஜையில் நின்று ஒரு தட்டு நிறையப் பிரோகி பிடிப்பான். பத்திரிகைக்காரர் படம் எடுப்பார். ஜோஆனைப் பார்த்ததும், "அட, என் எதிரி! கத்தியும் கையுமா நிக்கறாளே!" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். இரண்டு கதை, மூன்று ஜோக் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, மாவுக் கையை உதறிக்கொண்டு கிளம்பினான்.

அன்று பானைப் பக்கம் வழக்கமாக நிற்பவளுக்கு இடுப்பு வலி. ஜோஆனை அங்கே நிறுத்தியிருந்தேன். ரேயை வழியனுப்ப நாங்கள் எல்லோரும் படிக்கட்டு வரை போய்த் திரும்புவதற்குள், அவள் அவனுடைய தட்டை எடுத்துப் பானையில் கவிழ்த்துவிட்டாள்.

வெர்னா போட்ட சத்தத்தில் மேலே தேவாலய மணியே அடித்திருக்கும். வெர்னா எங்களில் மூத்தவள், வாயிலும் மூத்தவள்.

"அடிப்பாவி! ரே புடிச்சதையா அப்படியே போட்டே?"

பானையைப் பார்த்தால் உருளைக்கிழங்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"போட்டா என்ன?" என்றாள் ஜோஆன்.

"அவன் புடிச்சது எது ஒட்டியிருக்கு? வாய் பேசும், கை அழுத்தாது! அவன் போனதும் நான் உக்காந்து ஒண்ணொண்ணா மறுபடி அழுத்துவேன். அப்புறம்தான் பானைக்குப் போகும்."

"எவ்வளவு நாளா?"

"அவன் வர ஆரம்பிச்சதுலேருந்துதான்."

"அது அவருக்குத் தெரியுமா?"

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன்.

"தெரியாது" என்றேன். "நல்லா வந்துச்சான்னு போன் பண்ணிக் கேப்பான். பிரமாதம்னு சொல்லுவோம்."

ஜோஆன் கரண்டியை எடுத்து அந்தக் கஞ்சியை வழிக்க ஆரம்பித்தாள். "பாவம் மனுஷன்" என்றாள். "தனக்குப் புடிக்கத் தெரியும்னு இத்தனை வருஷமா நம்பிட்டிருக்கார்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பானை பாழாகிவிட்டது, நாளைக்குப் பிரோகி பற்றாது, இவளுக்குப் பேச்சு வேறு. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் மில் தெருவில் அந்தக் கான்கிரீட் கட்டைகளின் பக்கமாகப் போகும்போது காரை நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகியபோது நாங்கள் கேக் விற்றுப் பூசினோம். அக்கரைக்கு மருந்து வாங்கப் போக முடியாத வயசாளிகளை நாங்களே முறை வைத்துக் காரில் கூட்டிக்கொண்டு போகிறோம். பிறகு ரேயைப் பார்த்தால் "எல்லாம் நல்லா இருக்கு" என்கிறோம். பிரோகி மட்டுமா அது? அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து எத்தனையை அழுத்திக்கொண்டிருக்கிறோம்! வாய் பிளந்த ஒன்றைக்கூட அவன் கண்ணில் காட்டியதில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் பிறந்ததும் ரே மரச்சுத்தியும் பலகையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்தான். தேர்தல்தோறும் தன் பெயர்ப் பலகையை என் புல்தரையில் அவன் கையாலேயே அடிப்பது வழக்கம். எங்கள் தெருவில் என் வீட்டைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வைப்பார்கள்.

"ரே, இந்தத் தடவை வேண்டாம்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் சுத்தியைக் கீழே வைத்தான்.

"அந்தப் பொண்ணா?"

"ஆமா."

"நான் உனக்கு என்ன குறை வச்சேன் ஐரீன்?"

"எனக்கு ஒரு குறையும் வைக்கல. பாலத்துக்குத்தான் வச்சே."

"ஆண்டியோட பெட்டியைத் தூக்கினவன் நான்." அவன் குரல் உடைந்தது.

"தூக்கினே. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என் வீட்டுல உனக்கு எப்பவும் சாப்பாடு உண்டு, உனக்கு ஒண்ணுன்னா முதல்ல வந்து நிக்கறவ நான்தான். ஆனா ஓட்டு அதுக்கு இல்ல ரே. நன்றிக்கு ஓட்டைக் கொடுத்துக் கொடுத்து உன்னை நாங்கதான் கெடுத்து வச்சிருக்கோம்."

"எனக்குப் பின்னாடி நிப்பேன்னு நினைச்சேன்."

"நின்னது போதும். நீ புடிச்ச பிரோகி ஒண்ணுகூட ஒட்டாது, தெரியுமா உனக்கு? வெர்னா வருஷா வருஷம் மறுபடி அழுத்தறா."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். பாலத்தைச் சொன்னபோது இல்லாத அடி இதில் விழுந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். சுத்தியை மறந்துவிட்டான். அன்று சாயங்காலம் அதே சுத்தியால் ஜோஆனின் பலகையை அடித்தேன். எதிர் வீட்டுத் திரை விலகியது. அந்த வாரமே தெருவில் இன்னும் சில பலகைகள் முளைத்தன.

தேர்தலன்று மழை. தீயணைப்பு நிலைய வாசலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரே. சீட்டைக் கொடுக்க அவனுக்கு இத்தனை வருஷம் என் கை இருந்தது. இப்போது அவனே நனைந்துகொண்டு நின்றான். மனசு கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இதுல விஷம் கலந்திருக்கியா?" என்றான்.

"சர்க்கரைதான். உனக்கு அது விஷம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

வாங்கிக் குடித்தான். அந்த நாளில் எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான். ஜோஆன் கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். நவம்பரில் அவளை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

மறு வருஷத் தவக்காலத்தின் முதல் வியாழன், சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ரே வந்தான். கூடப் பத்திரிகைக்காரர் இல்லை. ஏப்ரனை அவனே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தான்.

"எப்படி அழுத்தணும்னு காட்டுங்க" என்றான் வெர்னாவிடம்.

வெர்னா காட்டினாள். திட்டினாள். மறுபடி காட்டினாள். பேசிக்கொண்டே பிடித்தால் விரலில் தட்டினாள். சில வாரங்களில் அவன் பிடித்தது பானையில் வாய் திறக்காமல் மிதந்தது. அதைக் கரண்டியில் ஏந்தி மேஜை மேஜையாகக் காட்டிக்கொண்டு வந்தான். மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் பதவி ஏற்ற நாளில்கூட அவன் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஜோஆன் வந்தாள். சட்டமன்ற உறுப்பினர் ஜோஆன், நல்ல கோட்டு, பின்னால் படம் எடுக்க ஒருத்தர். எனக்குப் பெருமை தாங்கவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டேன். மாவு மேஜையில் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டும், கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டும் ஒரு தட்டுப் பிடித்தாள்.

"பாலம் எப்போ?" என்றாள் வெர்னா, தலையை நிமிர்த்தாமல்.

"அளவெடுக்க ஆளுங்க வந்துட்டுப் போயிட்டாங்க. மத்தது அடுத்த பட்ஜெட்ல—"

சமையலறையில் எல்லாக் கையும் நின்றது. ரே வாயைப் பொத்திக்கொண்டான், சிரிப்பில் தோள் குலுங்கியது. ஜோஆனின் முகம் செக்கச் செவேலென்று ஆனது.

"ஃபைல் கையெழுத்தாகாம எங்க கெடக்குதுன்னு கேட்டு, அடுத்த வியாழன் வந்து சொல்றேன்" என்றாள் மெதுவாக.

"வா. கோட்டு வேண்டாம்" என்றேன்.

அவள் கையைக் கழுவப் போனாள். நான் அவள் தட்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஓரம் ஒட்டவில்லை. ரேயும் பார்த்துவிட்டான். புதிதாகக் கற்ற வித்தை அல்லவா, கை துறுதுறுத்தது போல. தட்டைத் தன் பக்கம் இழுத்து முதல் பிரோகியின் ஓரத்தில் விரலை வைத்தான்.

அவன் கையில் பட்டென்று ஒன்று போட்டேன்.

"கை எடு. ஒண்ணையும் தொடாதே."

தட்டைத் தூக்கி, சின்னப் பானையில் நானே கவிழ்த்தேன். அவை வாயைப் பிளந்ததும் ஒரு கிண்ணத்தில் அள்ளி, மேலே வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் தாராளமாகப் போட்டு, எல்லோருக்கும் நடுவில் ஜோஆனுக்கு முன்னால் வைத்தேன்.

"நீ புடிச்சது. சாப்பிடு."

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், ரேயைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரு வாய் விடாமல் சாப்பிட்டாள்.