வேண்டுமென்றே ஒரு கோணல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கண்காட்சியில், கோணல்மாணலாக அச்சடித்த துணி ஒன்றைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே ‘திட்டமிட்ட பிழை’ என்று விளக்கம். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் வீட்டில் திட்டு விழுகிறது. இங்கே என்னடாவென்றால் பாராட்டு. வயிற்றெரிச்சலில் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: மாலை வெயில் அவள் விரல்களில் சாயமாக வழிந்து—

(வேண்டாம். வெயிலுக்கு வேறு வேலை இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: அவள் அச்சுக்காரி. மரக்கட்டையில் செதுக்கிய இலைக்கொடியைச் சாயத்தில் தொட்டு, துணியில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டுவாள். கட்டையின் மூலையில் ஒரு புள்ளி உண்டு. ஏற்கெனவே விழுந்த புள்ளியின்மேல் அது கச்சிதமாக உட்கார்ந்தால்தான் கொடி தொடரும். அவள் கைக்கு அது உட்காராத நாளே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அவள் புருஷன் துணி வடிவமைப்பாளன். பழைய அச்சுக்கலையை உடைத்துப் புதுமையாக்குவது அவன் தொழில். உடைப்பதற்கு அவள் கட்டைகள் வேண்டும், அடிப்பதற்கு அவள் கை வேண்டும். மற்றதெல்லாம் அவனே பார்த்துக்கொள்வான்.

3

“கொஞ்சம் தப்பா அடி.”

“எவ்வளவு தப்பா?”

“அது உன் இஷ்டம். மனசு போனபடி விடு.”

விட்டாள். ஒவ்வொரு கொடியும் அரை விரல் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. எல்லாமே அதே அரை விரல்.

“என்னம்மா இது, வரிசையா நிக்குது!”

“தப்பையும் ஒழுங்காத்தானே செய்யணும்?”*

அவன் தலையிலடித்துக்கொண்டான். மறுநாள் கண்காட்சிக்காரர்கள் துணியைப் பார்க்க வருகிறார்கள்.

* என்னையும் நம்பாதீர்கள். அந்த மாலை வெயில் வாக்கியத்தை, பாதியில் விடுவதற்காகவே பலமுறை திருத்தினேன்.

4

(இங்கே எனக்கு அவள்மீது சந்தேகம் வந்துவிட்டது. கோபமே வராத ஒருத்தி இருப்பாளா? வரவழைத்துப் பார்க்கலாம் என்று அவன் போனை ஒலிக்க வைத்தேன்.)

கண்காட்சி நடத்தும் அம்மாள்தான். அவன் ஜன்னலோரம் போய்ப் பேசினான்.

“ஆமா மேடம், யோசனை, டிசைன் எல்லாமே நான்தான்... அச்சடிக்கிறதா? அதுக்கு ஒரு ஆள் வெச்சிருக்கேன்.”

அந்த ஆள் அப்போது கட்டையைத் தூக்கியிருந்தாள். கட்டை இறங்கியது. புள்ளி தவறி, கொடி குறுக்கே சாய்ந்து, இலை நசுங்கி, சாயம் இழுபட்டது. அவளுக்கு அழுகை முட்டியது. வெட்கமா வலியா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அவன் வந்துவிட்டான்.

“அட! இதைத்தாம்மா நான் தேடிட்டிருந்தேன்! எப்படிப் பண்ணினே?”

5

முடிவு ஒன்று: அவன் சட்டென்று உணர்ந்து, அவள் கையைப் பிடித்து மன்னிப்பு—

(இவனா? சும்மா இருங்கள்.)

முடிவு இரண்டு: அவள் கட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு படியிறங்கி—

(கட்டை அவளுடையது, மேசை அவளுடையது. அவள் ஏன் போக வேண்டும்?)

நடந்தது இதுதான். “முழுத் துணியும் இதே மாதிரி அடிச்சுடு” என்றான்.

அவள் கட்டையைச் சாயத்தில் தொட்டு, துணிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“சரி. என்னை யாருன்னு போன்ல சொன்னீங்களே, ஒவ்வொரு தடவையும் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. கை தானா கோணும்.”

அவன் வாயைத் திறந்தான்.

என்ன சொன்னான் என்று நான் எழுதப் போவதில்லை. அவனுக்கு ஒரு வாக்கியம் கொடுப்பது இனி உங்கள் பாடு. சீக்கிரம் யோசியுங்கள், கட்டையில் சாயம் காய்கிறது.