ஜெபம் பண்ணிய டப்பா

படாளத்துச் சபையில் ஞாயிறுதோறும் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். காய்ச்சல் தீர்ந்தது, காணாமற்போன மாடு கிடைத்தது என்று ஆளாளுக்கு மைக் பிடித்து நன்றி சொல்வார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைக்குச் சாட்சி சொன்னவன் கிருபாகரன் ஒருவன்தான்.

சிறுசேரி ஆபீஸ் நண்பன் ஒருவன் அவன் தலையில் கட்டிய சரக்கு அது. "ரத்தம் சுத்தமாகும், முகம் பளபளக்கும்" என்று சொல்லி, கிருபாகரன் போனில் தன்னுடைய படம் இரண்டைக் காட்டினான். 'முன்பு' படம் நைட் ஷிப்ட் முடிந்து ஆபீஸ் கேப் வண்டியில் எடுத்தது. 'பின்பு' படம் மாமல்லபுரம் கடற்கரையில், சாயங்கால வெயிலில், குளித்துவிட்டு எடுத்தது. போதாக்குறைக்கு ஒரு டப்பாவைப் போதகர் கையில் கொடுத்து ஜெபம் பண்ணவும் வைத்தான். அன்றைக்கே எல்லா டப்பாவும் விற்றுப் பை காலி.

ஜெபம் பண்ணிய டப்பாவை வாங்கிக்கொண்டவள் சந்திரம்மா, அவனுக்குப் பெரியம்மா முறை. இதய வால்வு மாற்றியவள். ரத்தம் கட்டாமலிருக்க தினமும் மாத்திரை போடுகிறவள். கிருபாகரனுக்கு அது தெரியாதா என்ன? ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவனே அவன்தான்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் காலையில் அவளுக்கு மூக்கில் வந்த ரத்தம் நிற்கவேயில்லை. கிருபாகரன்தான் ஆட்டோவில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா பஞ்சு வைத்து மூக்கை அடைத்துவிட்டு ரிப்போர்ட்டைப் பார்த்தாள். "ரத்தம் உறையவே மாட்டேங்குதே. வேற மாத்திரை எதனா சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்கம்மா. இங்க குடுத்தது மட்டுந்தான்" என்றாள் சந்திரம்மா.

அவள் கணக்கில் அது பொய்யில்லை. ஜெப எண்ணெய் மருந்தில் சேராது. ஜெபம் பண்ணிய டப்பா மட்டும் எப்படிச் சேரும்?

"காரணம் தெரியலன்னா வால்வு மாத்திரையக் குறைக்கணும். அப்புறம் வால்வுல ரத்தம் கட்டினா உயிருக்கே ஆபத்து."

கிருபாகரன் ஃபேனைப் பார்த்தான். பிறகு, பெரியம்மாவுக்குப் புரியக் கூடாதென்று இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னான்.

டாக்டரம்மா தமிழில், வார்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். "நீங்களா குடுத்தீங்க? டப்பா போட்டோ இருக்கா?"

இருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருந்தது.

"விட்டமின் ஈ இவ்ளோவா? இவங்க மாத்திரையோட சேர்ந்தா ரத்தம் எப்படி நிக்கும்? பீட்டா கரோட்டின் வேற. பீடி, சிகரெட் பிடிக்கிறவங்க இத மாசக்கணக்குல முழுங்கினா நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும்."

"அப்போ இதுல நல்லதே இல்லியா மேடம்?"

"ஏன் இல்ல? சத்துக் குறைபாடு இருந்தா, சில கண் நோய்க்கு, நாங்களே எழுதித் தர்றோம். ஆளப் பாத்து, அளவு பாத்து. வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

சபைக்குப் பின்னால் நின்று, பாட்டுக்குப் பாட்டு பீடி இழுக்கும் ஏசுபாதம் அவன் கண்முன் வந்தார்.

"புள்ளயத் திட்டாதீங்கம்மா" என்றாள் சந்திரம்மா, அடைத்த மூக்கோடு. "ஜெபம் பண்ணது, ஒண்ணும் ஆவாதுன்னு நான்தான் துன்னேன்."

அடுத்த ஞாயிறே அவள் மைக் பிடித்தாள். "ரத்தமா ஊத்திகினு கெடந்தேன். எம்புள்ள கிருபாதான் தூக்கினு ஓடுச்சு. அது இல்லன்னா நான் இல்ல." மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. சபை கைதட்டியது. கிருபாகரனின் முகம் கடைசியில் பளபளத்தே விட்டது, வியர்வையில்.

பீடி நாற்றத்தோடு ஏசுபாதம் பின்வரிசையிலிருந்து குனிந்தார். "கிருபா, என்து தீந்துபோச்சுப்பா. புது டப்பா கீதா?"

கிருபாகரன் எழுந்து மைக்கை நோக்கி நடந்தான். நாலைந்து பேர் பர்ஸைத் திறந்தார்கள்.

"அந்த மாத்திரைய இனிமே யாரும் டாக்டரக் கேக்காமத் தொடாதீங்க. பெரிம்மாவுக்கு ரத்தம் வந்ததே என்னாலதான்" என்றான்.

போதகர் பழக்கதோஷத்தில் "அல்லேலூயா" என்றார். சபையும் சொன்னது.