நவம்பர் பதினான்காம் தேதிக் கடிதம்

அன்று மாலைத் தேநீருக்கு இருந்தவர்கள்: கடிதங்களுக்கே பேர்போன எட்மண்ட் தெர்ல்பி, முப்பது வருடமாக அவற்றைப் பெற்றுவந்த ஹெஸ்டர் கோல்வில், பாதிரியார் காஸ்கார்த், அவர் மனைவி, கணப்பருகே பூனை. பூனையைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெர்ல்பி கடிதங்களைத் திரும்ப வாங்கிப்போக லண்டனிலிருந்து நாரிச் வந்திருந்தார். புத்தகமாகப் போடப்போகிறார். கடிதக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தான் அனுப்பிய தேதிகளைக் குறித்துவைத்த நோட்டில் சரிபார்த்தபடியே உரக்கப் படித்தார்.

"'எங்கள் மேயர் தினம் இரண்டு முறை யோசிக்கிறார். இரண்டும் சாப்பாட்டு நேரத்தில்.'"

"ஐயோ, போதும் சார், வயிறு வலிக்குது!" என்றாள் பாதிரியார் மனைவி.

"'கீல்வாதம் என்னை விட்டுப் போக மறுக்கிறது. மனைவி இல்லாத குறை தீர்ந்தது.'"

ஹெஸ்டரும் சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு.

அந்தக் கட்டுக்குள் ஒரு கடிதம் மட்டும் இல்லை. அது அவளுடைய தையல் பெட்டியில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது. அவள் தம்பி கடலில் செத்த வாரம் வந்தது. 'இன்று எந்த வேடிக்கையும் தோன்றவில்லை. மெழுகுவர்த்தி தீரும்வரை உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு செய்தி இல்லை.' இந்த மூன்று வரியை நம்பித்தான் அவள், பெண் கேட்டு வந்த கம்பளி வியாபாரி ஒருவனை வேண்டாமென்று அனுப்பினாள். இதை மட்டும் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்திருந்தாள்.

"நவம்பர் பதினாலு எங்க, ஹெஸ்டர்?"

"தொலைஞ்சிருக்கும்."

"பரவாயில்ல. அந்த வாரம் அதையேதான் மூணு பேருக்கு அனுப்பினேன். பாத் ஊர்ல மிஸஸ் ஆர்டன்கிட்ட இருக்கும். சிரிப்பே இல்லாம எழுத வருதான்னு பாத்தேன். நல்லாவே வந்துச்சு."

"பலே ஆளுய்யா நீர்!" என்று பாதிரியார் தொடையைத் தட்டினார்.

ஹெஸ்டர் எழுந்து தையல் பெட்டியைத் திறந்தாள். கடிதத்தை அவர் முன் வைத்தாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது.

"அட, இருக்கே!" அவர் அதையும் படித்தார். பாதிரியார் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு உண்மையா எழுதியிருக்கீங்க, சார்."

பாதிரியாரும் மனைவியும் கிளம்பிப் போனார்கள். தெர்ல்பி கடிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஊர் போய்ச் சேந்ததும் எழுதறேன், ஹெஸ்டர்."

"இனி ரெண்டு பேருக்கு எழுதினாப் போதும்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பிரமாதம்! இத நான் எடுத்துக்கறேன்."

படியிறங்கும்போதே கோட்டுப் பையில் பென்சிலைத் தேடினார். ஹெஸ்டர் கதவைச் சாத்தினாள். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.