முத்திரை உள்ள எதுவும்

செனோபியாவின் மகள் மிரேயாவைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டார் காவலாளி தோன் ஃபெர்மின். பிள்ளையின் கையில் முத்திரை இருக்கிறதாம்.

சிப்ஸ் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறார்களே, சர்க்கரை மிகுதி, கொழுப்பு மிகுதி என்று எட்டு மூலை வைத்த கறுப்பு முத்திரை, அதேதான். அது குத்திய பண்டம் பள்ளிக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டு, பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். சிவப்பு என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

வினை நேற்று ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு எடை பார்த்தார்கள். அட்டவணையைத் தாண்டிய ஏழு பேரை டாக்டரிடம் தனியாக அனுப்ப அடையாளம் வேண்டுமே என்று தலைமையாசிரியை மூளையைக் கசக்கினார். ரப்பரில் எட்டு மூலை வெட்டி, ‘கலோரி மிகுதி’ என்று செதுக்கி, ஏழு புறங்கையிலும் ஒரு குத்து. பெற்றோருக்கும் சட்டென்று விளங்கும் என்று அந்த அம்மாளுக்கு ஒரே பெருமை. டாக்டர் வரவே இல்லை. மை மட்டும் தங்கிவிட்டது.

அது என்ன மையோ! செனோபியா எலுமிச்சை தேய்த்தாள், சாம்பல் தேய்த்தாள், போகவில்லை. ஆனால் பட்ட இடமெல்லாம் ஒட்டியது. காலையில் பார்த்தால் தலையணையில் ஒரு முத்திரை, பூனையின் வயிற்றில் ஒன்று.

ஏழில் ஆறு பிள்ளைகளுக்கு இன்று திடீர்க் காய்ச்சல். மிரேயா மட்டும் வந்தாள். இன்று தொடரோட்டம், மஞ்சள் அணியின் கடைசி ஆள் அவள். ஒரு மாதமாகத் தெருவெல்லாம் ஓடிப் பழகியவள். ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொடவில்லை. “முத்திரை குத்துன பாக்கெட்டைத் திங்கக்கூடாது. முத்திரை குத்துன ஆளும் திங்கக்கூடாதுல்லம்மா?” என்று கேட்டாள். பள்ளி வாசலிலேயே அடுப்பு வைத்து, நீலச்சோள மாவுக்குள் அவரைப்பருப்பு மசியல் வைத்துத் தட்டி, த்லகோயோ அடை சுட்டு விற்கிறவள் செனோபியா. ஊர்ப்பிள்ளைகள் வயிறார அவளிடம் தின்கிறார்கள். பெற்ற பிள்ளை பட்டினி.

“தோன் ஃபெர்மின், இது பிள்ளைங்க. பண்டம் இல்ல.”

“எனக்கு மட்டும் தெரியாதா செனோபியா? சுத்தறிக்கையில ‘பிள்ளை நீங்கலாக’ன்னு போடலையே. ‘முத்திரை உள்ள எதுவும்’னு போட்டிருக்கு. எதுவும்னா எதுவும்தான்.”

“சரி, சட்டமே பேசுவோம். இது என்ன கம்பெனிச் சரக்கா? வீட்டுச் சரக்கு. வீட்டுல செஞ்சதுக்கு முத்திரையே கிடையாது, தெரியுமில்ல?”

பெரியவர் மோவாயைச் சொறிந்தார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

“அப்படின்னா இது போலி முத்திரை. அது இன்னும் பெரிய குத்தமாச்சே. புகார் எழுதியாகணும்.” நோட்டைப் பிரித்தார். “தயாரிப்பாளர் பேரு?”

“செனோபியா ரோமெரோ.”

“தயாரிச்ச தேதி?”

“மார்ச்சு பதினொண்ணு. ஒம்பது வருஷம் ஆச்சு.”

“காலாவதி தேதி?”

“உங்களுக்கு இன்னைக்குத்தான்யா!”

கரண்டியோடு அவள் முன்னே வர, அவர் நோட்டோடு பின்னே போனார். கதவு மட்டும் திறக்கவில்லை. தலைமையாசிரியையோ மைதானத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ஆரோக்கியமே செல்வம் என்று முழங்கிக்கொண்டிருந்தார். செனோபியா கூப்பிட்டது அந்தக் காதில் விழவில்லை.

மிரேயா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். செனோபியாவுக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

விசில் ஊதினார்கள், தொடரோட்டம் தொடங்கிவிட்டது. மஞ்சள் அணியின் மூன்றாவது ஆள் உலிசெஸ் குச்சியோடு ஓடிவந்தான், வாங்க ஆளில்லை. “மிரேயா எங்கடா?” என்று அலறினான். வேலிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நீண்டது, கறுப்பு முத்திரையோடு. அவன் யோசிக்கவே இல்லை. குச்சியை அதில் வைத்து அழுத்தினான்.

அவள் ஓடினாள். மற்ற மூன்று அணிகளின் கடைசி ஆட்களும் வேலிக்கு உள்ளே, இவள் வெளியே, தெருவில். பழச்சாறு வண்டியைச் சுற்றி, படுத்திருந்த நாயைத் தாண்டி, பேருந்துக்கு நின்ற ஜனத்தைக் கிழித்துக்கொண்டு. முன்னணியில் இருந்தாள். ஆனால் முடிவுக்கோடு உள்ளே அல்லவா இருக்கிறது? கதவு மூடியிருக்கிறதே!

“தோன் ஃபெர்மின்! கதவு!” செனோபியாவின் தொண்டை கிழிந்தது.

பெரியவர் சுற்றறிக்கையைப் பார்த்தார். வியர்த்து விறுவிறுத்து வரும் பிள்ளையைப் பார்த்தார். சுற்றறிக்கையை மடித்துப் பையில் செருகிவிட்டுக் கதவைத் திறந்தார். முத்திரை குத்திய கையைத் தன் உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு அவளோடு கூடவே ஓடினார். “முத்திரையா? எங்க? என் கண்ணுக்கு எதுவும் தெரியலையே!” என்று யாரும் கேட்காமலே கத்தினார்.

மூன்றாவது இடம். பெரியவரை இழுத்துக்கொண்டு ஓடாமல் இருந்திருந்தால் முதலாவது. செனோபியா கரண்டியோடு குதித்தாள்.

மூச்சு அடங்கியதும் தோன் ஃபெர்மின் கையை விரித்தார். பிள்ளையின் வியர்வையில் ஊறி, அவர் உள்ளங்கையில் எட்டு மூலையும் பளிச்சென்று இறங்கியிருந்தது. எழுத்து மட்டும் இடவலம் மாறியிருந்தது. அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

“அங்க என்ன பண்றீங்க? காவலுக்கு யாரு?” என்று தலைமையாசிரியை ஒலிபெருக்கியிலேயே கத்தினார்.

“வெளியிலிருந்தே பாத்துக்குறேன்மா. எனக்கு உள்ள வர அனுமதி இல்ல.”

மிரேயா வேலியோரம் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ரொம்பப் பசிக்குதும்மா.”

செனோபியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சூடாக இரண்டு த்லகோயோவை எடுத்துக் கம்பி வழியே நீட்டினாள். மிரேயா ஒன்றைக் கடித்தாள். மற்றதை வாங்கவில்லை, பலகையில் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள்.

“அதை அவருக்குக் குடும்மா. முத்திரை இருந்தாலும் பசிக்கும்.”