அத்தி மருமகனும் குரங்கு மருமகனும்

தச்சரின் மூத்த மருமகன் அத்தி மரமாகவும், இளைய மருமகன் செம்முகக் குரங்காகவும் மாறியதில் வீட்டில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. இருவரும் வீட்டோடு மாப்பிள்ளைகள். மூத்தவர், அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் ஒரே நாற்காலியைத் தேய்த்தவர். அத்தி பூத்தாற்போல் வாய் திறப்பார். திறந்தாலும் "பாக்கலாம்" என்பார். ஒரு விடுமுறை நாளில் கூடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, கால்கள் தரையில் வேர்விட்டன. இளையவர் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. கடை கடையாகத் தாவியவருக்கு வால் முளைத்தபோது, "இது ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு" என்றார் மாமியார்.

அடுத்த சில வருஷங்களை, யார் புருஷன் மேல் என்று ஒப்பிட்டே அக்காளும் தங்கையும் கழித்தார்கள்.

"என் வீட்டுக்காரர் நிழலாவது தர்றார்."

"வீட்டுக்குள்ள நிழல் எதுக்குக்கா? என்னவர் பழம் கொண்டாந்து தர்றார்."

"அடுத்தவன் தோட்டத்துப் பழம்!"

எதிர்வீட்டு வாத்தியார் பஞ்சாயத்துக்கு வந்தார். குரங்குதான் மனிதனுக்கு நெருங்கிய சொந்தம், ஆகவே அதுவே உயர்வு என்றார். குரங்கு அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும், மரமே உயர்வு என்றார். அவர் கொள்கையின் லட்சணம் அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலத்தில் கிளை கூரையைப் பிளந்தது. தன் கையால் வேய்ந்த கூரை என்பதால் தச்சர் ரம்பத்தை எடுத்துவிட்டார். மூத்தவள் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"அவருக்கு இன்னும் உயிர் இருக்குப்பா!"

எந்த மரத்தையும் தட்டிப் பார்க்காமல் அறுத்துப் பழக்கமில்லாத தச்சர், விரலை மடக்கித் தட்டினார். உள்ளேயிருந்து "பாக்கலாம்" என்று கேட்டது.

"கழுத்துக்கு ரம்பம் வந்தப்பறமும் பாக்கலாமா?" தச்சருக்கு வெறியே வந்துவிட்டது. ரம்பத்தை ஓங்குவதற்குள் குரங்கு அதைப் பறித்துக்கொண்டு உச்சிக் கிளைக்குப் போய்விட்டது. சகலைக்காக உயிரையே பணயம் வைத்தார் என்று தங்கை இன்றும் பெருமையடிக்கிறாள். மரம் அன்றுதான் முதன்முதலாகப் பழுத்திருந்தது என்பதை அவள் சொல்வதில்லை. தின்பதற்கு வழி கிடைத்ததும் குரங்கு முதன்முறையாக ஓரிடத்தில் நிலைத்தது.

ரம்பம் கடைசிவரை இறங்கி வரவில்லை. தச்சர் உளியால் கூரைப் பிளவை வட்டமாகச் செதுக்கி, விளிம்புக்குச் சட்டம் அடித்தார். மழை பெய்தால் கூடம் நனையும், துடைத்துக்கொள்கிறார்கள்.

மூத்தவள் தினமும் காலையில் மரத்தைத் தட்டி, "எழுந்து வர்றீங்களா?" என்று கேட்கிறாள். பதில் மாறவில்லை. கேட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போகிறாள்.