நவமியன்று நாலு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும்

"அத்திம்பேர், அது பொட்டு வெக்கற எடம் இல்ல!"

"ஏன்? நடுவுல பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துது. அதான் முக்கியமான எடம்னு பாத்தாலே தெரியறது. அங்க வெக்காம ஓரத்துலயா வெப்பா?"

"காருக்கு வெக்கறேள், சரி. ஃப்ரிட்ஜுக்கு வெக்கறேள், போனாப் போறது. இது கிராபிக்ஸ் கார்டு! அக்கா பாத்தான்னா..."

"பாத்தா என்ன பண்ணிடுவா உங்க அக்கா? சாமிக்கு முன்னால வெச்சாச்சு. இனிமே நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணிட்டுதான் எடுக்கணும்."

லேக் மார்க்கெட்டிலிருந்து பூவும் வாழை இலையுமாக வந்த தமயந்தி இரண்டாம் மாடிப் படியிலேயே நின்றுவிட்டாள். குரல்கள் மூன்றாம் மாடியில் அவள் வீட்டிலிருந்துதான் வந்தன. ஒன்று அவள் கணவர் சுந்தரம், இன்னொன்று அவள் தம்பி விக்ரம். தெருமுனை வங்காளி பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தத்தையும் மீறி அந்தச் சண்டை டாக்குரியா ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

பூஜை மேடையில் புத்தகங்கள், அரிவாள்மணை, கத்திரிக்கோல், சுந்தரத்தின் ஆபீஸ் பேனா. எல்லாவற்றுக்கும் நடுவில் அடிமூடி கழற்றிய அவளுடைய லேப்டாப். அதன் மேல் ஒரு வெற்றிலை. வெற்றிலையின் மேல் உள்ளங்கை அளவில் அந்த கிராபிக்ஸ் கார்டு. அதன் நடுவில் இருக்கும் சிப்பின் மீது மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றிலும் குங்குமம். குங்குமம் கொஞ்சம் சிந்தி, சுற்றியிருந்த கடுகு மாதிரிச் சின்னச் சின்ன பாகங்களின் இடுக்கிலெல்லாம் விழுந்திருந்தது.

"ஏன்னா, என்ன இது?"

"ஆயுத பூஜை," என்றார் சுந்தரம். குரலில் தெம்பு பாதியாகியிருந்தது.

தமயந்தி பாலிகஞ்சில் ஒரு வங்கியில் அதிகாரி. வயது ஐம்பதுக்கு ஒன்று குறைவு. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் இந்த லேப்டாப்பில் இதுவரை நாற்பதாயிரம் கிலோமீட்டர் லாரி ஓட்டியிருக்கிறாள்.

அது ஒரு லாரி ஓட்டுகிற ஆட்டம். மகள் அனன்யா ஜாதவ்பூரில் இன்ஜினியரிங் படித்தபோது வாங்கிய லேப்டாப், செங்கல் கனம். வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனவள் இதை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கிருந்து அவள் ஒரு லாரி, இங்கிருந்து இவள் ஒரு லாரி. ஒன்றன்பின் ஒன்றாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம். போனில் பேசினால் "சாப்டியா", "ம்", "தூங்கினியா", "ம்" என்று இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகும். லாரியில் ஏறிவிட்டால் அனன்யா எல்லாமே சொல்வாள். மேனேஜர் சண்டை, வீட்டுக்காரம்மா சண்டை, மாவு புளிக்காதது, யாரோ ஒரு பையன் நன்றாகப் பேசுகிறது வரைக்கும்.

ஆடி மாதத்தில் அந்த ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு வந்தது. புதிதாக மலைப்பாதை. பழைய கிராபிக்ஸ் கார்டால் அதைத் தாங்க முடியவில்லை. கொண்டை ஊசி வளைவில் படம் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாக நகர்ந்தது. தமயந்தியின் லாரி மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மறுபடியும் "சாப்டியா", "ம்" ஆகிவிட்டன.

சாந்தினி மார்க்கெட்டில் நாலு கடை ஏறினாள். நாலு பேரும் கையை விரித்தார்கள். "ஹொபே நா, திதி, நடக்காது. லேப்டாப்பில் அந்தக் கார்டு போர்டோடு ஒட்டியிருக்கும். புதுசு வாங்குங்கள்." அவள் விடவில்லை. மத்தியான இடைவேளையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இன்டர்நெட்டில் படித்தாள். அவர்கள் சொன்னது இந்தக் காலத்து லேப்டாப்புக்குச் சரி. இவளுடைய பழைய செங்கல்லில் கார்டு தனி ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஸ்க்ரூதான், கழற்றி வேறு மாட்டலாம். கோயம்புத்தூரில் ஒருவர் தன் லேப்டாப்பிலிருந்து கழற்றிய, இதைவிட இரண்டு தலைமுறை புதிய கார்டை பஞ்சு சுற்றி அனுப்பிவைத்தார்.

அஷ்டமியன்று மாட்டினாள். கம்ப்யூட்டர் கார்டை அடையாளம் கண்டுகொண்டது. படம் வெண்ணெயாக ஓடியது, பத்து நிமிஷம். அதற்குள் சூடு தொண்ணூற்றேழு டிகிரிக்கு ஏறி எல்லாம் அணைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தபோதுதான் அவள் செய்த தப்பு தெரிந்தது. சூட்டை உறிஞ்சும் செம்புத் தகட்டுக்கும் கார்டுக்கும் நடுவே வைக்கிற ரப்பர் மாதிரியான பட்டையை, ஒரு மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டரில் ஒட்டியிருந்தாள். தகடு தூக்கிக்கொண்டு, சிப்பின் மேல் சரியாகப் படியவே இல்லை. சரியான பட்டையை விக்ரம் இன்று காலை கொண்டுவருவதாக ஏற்பாடு. அதுவரை தூசி படாமல் இருக்கட்டும் என்று கார்டைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பேப்பர் மேல் வைத்து, மூடிவைத்துவிட்டுப் பூ வாங்கப் போனாள்.

அங்கேதான் சுந்தரத்தின் கண்ணில் அது பட்டது.

"சாயங்காலம் நாலு மணிக்கு கான்வாய்," என்றாள் தமயந்தி. "அனன்யாவுக்கு பூஜோவுக்கு இங்க வர லீவு கெடைக்கல. அவ சினேகிதாளெல்லாம் சேந்து ஏழு லாரி. நான்தான் முதல் வண்டி. ஸ்பீடா போகாதவ நான் ஒருத்திதானாம்."

"நாளைக்கு ஓட்டேன்."

"அவாளுக்கெல்லாம் இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு. நாளைக்கு ஆபீஸ் போயிடுவா."

"அதுக்காக? எங்காத்துல சரஸ்வதி பூஜையன்னிக்கு பேப்பர்கூடப் படிக்க மாட்டோம். எங்கப்பா என் பரீட்சை ரிசல்ட் வந்த அன்னிக்குக்கூட பேப்பரத் தொடல. பக்கத்தாத்து மாமா வந்து சொல்லித்தான் தெரிஞ்சுது."

சுந்தரம் கெட்டவர் இல்லை. சட்டப்படி நடப்பவர். மினிபஸ்ஸில்கூட இறங்குகிற கதவு வழியாக ஏற மாட்டார். அவரிடம் கெஞ்சினால் நடக்காது, கோபப்பட்டால் அதைவிட நடக்காது என்று இருபத்தாறு வருஷத்தில் தமயந்திக்குத் தெரியும். அவருக்குச் சட்டத்தைத்தான் காட்ட வேண்டும். ஆனால் சட்டம் அவர் பக்கம் இருந்தது. தமயந்தி பூவைத் தொடுத்தபடியே யோசித்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு டாக்ஸி, முன்னால் சாமந்தி மாலையோடு, ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

அவள் கை நின்றது.

"ஏன்னா, உங்க சித்தப்பா திருச்சியில லாரி வெச்சிருந்தாரே, ஆயுத பூஜைக்கு என்ன பண்ணுவார்?"

"அலம்பி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பூசணிக்கா ஒடச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவார்."

"அப்பறம்? மறுநாள் வரைக்கும் நிறுத்தி வெப்பாரா?"

"சேச்சே. அன்னிக்கே ஒரு ரவுண்டாவது ஓட்டணும். ஓட்டாம வெச்சா..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

விக்ரம் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிப் பக்கம் போனான்.

"புஸ்தகம்னா விஜயதசமி வரைக்கும் தொடப்படாது," என்றாள் தமயந்தி மெதுவாக. "நான் இதுல எதாவது படிக்கறேனா? எழுதறேனா? லாரிதானே ஓட்டறேன். இது வண்டி."

சுந்தரம் பூஜை மேடையைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் லேப்டாப்பைப் பார்த்தார்.

"சரி," என்றார் கடைசியில். "ஆனா வண்டின்னா வண்டி மாதிரி முறையா பண்ணணும். பாதியில விடப்படாது."

பூஜை முறையாக நடந்தது. சுண்டலும் வடையும் ஆனது. கற்பூரம் காட்டியபிறகு சுந்தரமே தன் கையால் கார்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். விக்ரம் துடைக்கிற ஸ்பிரிட்டை நீட்டினான். சந்தனம் ஒரே துடைப்பில் போயிற்று. குங்குமம்தான் படுத்தியது. பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் முக்கால் மணி நேரம் இடுக்கு இடுக்காகத் தட்டியெடுத்தாள். புதுப் பட்டையை வெட்டி ஒட்டி, சிப்பின் மேல் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, தகட்டை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி ஸ்க்ரூ முடுக்கினாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு பட்டனை அழுத்தினாள்.

விளக்கு எரிந்தது. படம் வந்தது.

"அம்மா! வந்துட்டியா?" ஹெட்போனில் அனன்யா. பின்னாலேயே ஐந்தாறு பெங்களூர்க் குரல்கள், "ஆன்ட்டி! ஆன்ட்டி!" என்று.

ஏழு லாரியும் கிளம்பின. தமயந்தி கையில் கன்ட்ரோலர், பக்கத்தில் விக்ரம், அவன் கண் திரையின் மூலையில் ஓடும் சூட்டு எண்ணில். சமவெளியில் எழுபத்தெட்டு. மலை ஏற ஆரம்பித்ததும் எண்பத்தாறு. முதல் வளைவில் எண்பத்தொன்பது. ஃபேன் பிரஷர் குக்கர் மாதிரி இரைந்தது. இரண்டாம் வளைவில் தொண்ணூற்றிரண்டு.

"அக்கா, நிறுத்திடலாமா?"

"பின்னாடி ஆறு வண்டி வரதுடா! மலைமேல எங்க நிறுத்த?"

அப்போதுதான் சுந்தரம் சமையலறையிலிருந்து வேகமாக வந்தார். கையில் தாம்பாளம், அதில் நாலு அகல், ஒவ்வொரு அகலிலும் ஒரு எலுமிச்சம்பழம்.

"முறையா பண்ணணும்னேனா இல்லையா? எலுமிச்சம்பழம் வெக்காம வண்டிய எடுத்துட்டேள்! டேய், தூக்குடா இத."

"அத்திம்பேர், இது ஓடிண்டிருக்கு!"

"ஓடட்டும். தூக்கு."

சண்டை போட நேரமில்லாமல் விக்ரம் லேப்டாப்பைத் தூக்கினான். சுந்தரம் நாலு மூலைக்கும் நாலு அகலை வைத்தார். பழம் உருளக்கூடாது என்றுதான் அகல் தேடியிருக்கிறார், அதனால்தான் இவ்வளவு தாமதம். லேப்டாப் மெல்ல அதன் மேல் உட்கார்ந்தது.

"ஏத்தி நசுக்கணும்," என்றார்.

"நசுக்கினா ஸ்க்ரீன் போயிடும்னா!" என்றாள் தமயந்தி.

விக்ரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. எண்பத்துநாலு. அவன் குனிந்து மேஜைக்கும் லேப்டாப்புக்கும் நடுவே பார்த்தான். காற்று இழுக்கிற ஓட்டைகள் எல்லாம் அடியில்தான் இருந்தன. இத்தனை நேரம் பிளாஸ்டிக் மேஜைவிரிப்பு அவற்றை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எலுமிச்சம்பழ உயரத்துக்குக் காற்று போகிறது.

"எண்பத்திரெண்டு," என்றான் விக்ரம். "அக்கா, எண்பத்திரெண்டுலயே நிக்கறது!"

"அம்மா, அங்க ஃபேன் சத்தமே கேக்கல. ஆஃப் ஆயிடுத்தா?"

"இல்லடி. உங்கப்பா டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சுட்டார்."

அனன்யா சிரித்த சிரிப்பில் அவள் லாரி தடுப்புக் கம்பியில் உரசிவிட்டது. பின்னால் வந்த ஆறாவது வண்டி ஐந்தாவதில் இடித்தது. ஏழு பேரும் ஹாரன் அடித்தார்கள்.

சுந்தரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இடது பக்கம் பஸ் வரது, பாத்து," என்றார். "அந்த போர்டுல என்ன எழுதியிருக்கு? இங்க டீக்கடை கிடையாதா? அனன்யா, நீ ஏன் இவ்ளோ ஒட்டிண்டு வரே? இடம் விடு." ஹெட்போனை ஸ்பீக்கருக்கு மாற்றச் சொன்னார். மகளோடு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி எத்தனையோ நாளாயிற்று. மலை உச்சியில் சூரியன் மறைந்தபோது ஏழு லாரியும் வரிசையாக நின்றன. சுந்தரம் ஒரே ஒரு தடவை ஹாரன் அடிக்க அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். ஆறு தடவை அடித்தார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் சுந்தரத்துக்கு மட்டும் ஒரு உறுத்தல் போகவில்லை. அதே லேப்டாப்பில்தான் தமயந்தி ஆபீஸ் கணக்கும் பார்க்கிறாள், ரேஷன் கார்டு பாரமும் நிரப்புகிறாள். அப்படியானால் அது புத்தகமா, வண்டியா? அடுத்த வருஷத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்கிறார். உங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு லேப்டாப்பை எதில் சேர்க்கிறீர்கள்? அன்றைக்கே தொடுவீர்களா, மறுநாள்தானா? கீழே ஒரு வரி எழுதுங்கள். பழைய லேப்டாப்பில் யாராவது கார்டு மாற்றியிருந்தால் சூடு எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தமயந்தி கேட்கச் சொன்னாள்.